வாசிக்காமல் விட்ட எட்டு வசனங்கள்

பொதுக்காலம் 2ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. 14 ஜனவரி 2024, சித்தூர்



இன்று போகி. விடியற்காலையில் பழைய பாயும் கிழிந்த கூடையும் எரித்த வாடை உங்கள் சட்டைகளில் இன்னும் இருக்கிறது. சாம்பிராணி போடுவதற்கு முன்பே கோவிலுக்குள் புகை வந்துவிட்டது. பிள்ளைகளில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்கள். இருக்கட்டும். இன்றைய முதல் வாசகத்திலும் ஒரு பிள்ளை ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

சாமுவேலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மறைக்கல்வி வகுப்பில் கலர் பென்சிலால் வண்ணம் அடித்திருப்பீர்கள்: பாயில் படுத்திருக்கும் ஒரு பையன், மூலையில் எரியும் விளக்கு. கடவுள் கூப்பிட்டார், பையன் பதில் சொன்னான், வளர்ந்து பெரிய இறைவாக்கினர் ஆனான். குருவான நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை நானும் இதைத்தான் பிரசங்கித்து வந்தேன். 'நம் பங்கிலிருந்தும் குருமடத்துக்குப் பிள்ளைகள் போகவேண்டும்' என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்துவிடுவேன்.

வாசகத்தின் எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். சாமுவேல் முதல் நூல், 3ஆம் அதிகாரம், 3 முதல் 10 வரை. அதன்பின் நேராக 19. நடுவில் எட்டு வசனங்களைத் தாண்டிவிட்டோம். வாசக நூலைத் தொகுத்தவர்கள் நேரம் கருதி அப்படிச் செய்திருக்கலாம். வாசகம் நீண்டால் உங்கள் முகங்களே சொல்லிவிடும். ஆனால் தாண்டிய இடம் எது என்று பார்த்தால் மனசு உறுத்துகிறது. கடவுள் அந்தப் பையனிடம் என்ன சொன்னார் என்பதே அந்த எட்டு வசனங்களில்தான் இருக்கிறது. கூப்பிட்டதை வாசித்தோம். சொன்ன சேதியை விட்டுவிட்டோம்.

சேதி இதுதான்: உன்னை வளர்க்கும் குரு ஏலியின் வீட்டை நான் தண்டிக்கப் போகிறேன்; மகன்கள் செய்வது அவருக்குத் தெரியும், தெரிந்தும் அவர் தடுக்கவில்லை.

அந்த மகன்கள் யார்? ஒப்னி, பினகாசு. சீலோவில் அவர்களும் குருக்கள். மக்கள் பலிக்குக் கொண்டுவந்த இறைச்சியை மிரட்டிப் பிடுங்கினார்கள். சந்திப்புக் கூடாரத்தின் வாசலில் பணிசெய்த பெண்களைக் கெடுத்தார்கள். ஊரே வந்து ஏலியிடம் சொல்லியிருக்கிறது. ஏலி மகன்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார். வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள், உருக்கமான கண்டிப்புதான். மறுநாள் அதே மகன்கள், அதே பீடம், அதே வாசல்.

'கூப்பிட்டுப் பேசியாகிவிட்டது.' 'ஒரு மாதம் தியானத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.' 'வேறு பங்குக்கு மாற்றியாகிவிட்டது, விடுங்கள்.' இவையெல்லாம் ஏலியின் வார்த்தைகள். அமெரிக்காவில் பாஸ்டன் கர்தினால் பெர்னார்ட் லா 2002 டிசம்பரில் பதவி விலகினாரே, அவர் எந்தப் பிள்ளையையும் தொட்டதாக யாரும் சொல்லவில்லை. தொட்டவர்களைப் பங்குக்குப் பங்கு மாற்றினார். அதற்காகத்தான் போனார்.

வாசித்த பகுதியிலேயே நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. குரல் கேட்டதும் சாமுவேல் ஏலியிடம் ஓடினான். 'நான் கூப்பிடவில்லை, போய்ப் படு' என்றார். மறுபடி ஓடினான். 'போய்ப் படு'. மூன்றாவது முறை வந்தபோதுதான் பெரியவருக்கு உறைத்தது. ராத்திரி நேரத்தில் ஒரு பிள்ளை ஏதோ சரியில்லை என்று நம்மிடம் எத்தனை முறை வரவேண்டியிருக்கிறது? மூன்றாம் முறை வர எல்லாப் பிள்ளைக்கும் தெம்பு இருக்காது.

இதை உங்களைப் பார்த்துச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஒரு பங்கில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு அம்மா வந்து சொன்னார்கள்: 'சாமி, பையன் பூசைக்கு உதவி செய்யப் போகமாட்டேங்கிறான். கோவில் பேரைச் சொன்னாலே அழுவுறான்.' எனக்கு அன்று திருவிழா வேலை. பந்தல்காரர் காத்திருந்தார். 'வயசுக் கோளாறும்மா, செபம் பண்ணுங்க' என்றேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள், திரும்ப வரவில்லை. அந்தப் பையனுக்கு என்ன நடந்தது, ஏதாவது நடந்ததா என்று நான் கேட்கவே இல்லை. 'ஏன் அழுவுறான்?' என்ற ஒரு கேள்வி. அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

இது அமெரிக்காக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற குரு 2004இல் மினசோட்டாவுக்குப் பணிக்குப் போனார். பெயரைச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர். அங்கே இரண்டு பதின்வயதுப் பெண்பிள்ளைகள் விஷயத்தில் அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. அவரோ ஊர் திரும்பிவிட்டார். அங்கே வழக்கு நிலுவையில் இருக்க, இங்கே மறைமாவட்டப் பணியில் இருந்தார். 2010இல் உலகப் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு இடைநீக்கம். 2012இல் தமிழ்நாட்டில் கைது, 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு, 2015இல் ஒரு பெண் தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்போடு செய்த பேரத்தின்படி மற்ற வழக்கு கைவிடப்பட்டது. ஒரு வருடமும் ஒரு நாளும் தண்டனை. அதைக் காவலிலேயே கழித்தாகிவிட்டிருந்தது. ஊர் திரும்பியவரின் இடைநீக்கத்தை 2016இல் மறைமாவட்டம் ரத்து செய்தது. ரோமையைக் கலந்துகொண்டுதான் செய்தார்கள். தண்டனை முடிந்துவிட்டது, இனி என்ன என்று வாதாடலாம். அந்தச் செய்தியை மினசோட்டாவில் அந்தப் பெண் காலைக் காப்பியோடு வாசித்திருப்பாள் என்பதை நினைத்தால் எனக்கு அந்த வாதம் தொண்டையில் நிற்கிறது.

கேரளத்தில் கொட்டியூர். 2017 பிப்ரவரியில் அங்கே பங்குத்தந்தை ராபின் வடக்கும்சேரி கைதானார். பதினாறு வயதுப் பிள்ளை குழந்தை பெற்ற பிறகுதான் வெளியே தெரிந்தது. 2019இல் தலச்சேரி நீதிமன்றம் 20 வருடத் தண்டனை கொடுத்தது. 2021இல் உயர்நீதிமன்றம் அதைப் பத்தாகக் குறைத்தது. மறைத்ததாக வழக்கில் சேர்க்கப்பட்ட மற்றவர்கள் விடுதலையானார்கள், அதையும் சொல்வதுதான் நியாயம். அந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. சாமியைக் காப்பாற்ற, அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்குள்ளிருந்தே ஒருவர் முதலில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். சாட்சிக் கூண்டில் பிள்ளையின் தரப்பே பின்வாங்கியது. டி.என்.ஏ. பரிசோதனை பின்வாங்கவில்லை. என் தோளில் கிடக்கும் இந்தத் துணிக்கு எவ்வளவு பலம் பாருங்கள். ஒரு தகப்பனுக்குத் தன் மகளைவிட இது பெரிதாகத் தெரியும்படி நாங்கள் உங்களை வளர்த்திருக்கிறோம்.

இன்றைய இரண்டாம் வாசகத்துக்கு வருகிறேன். பவுல் கொரிந்து மக்களுக்கு உடலைப் பற்றி எழுதுகிறார்: அது தூய ஆவி குடியிருக்கும் கோவில். இதை வைத்து இளையோருக்கு ஒழுக்கம் சொல்வது வழக்கம். யாருடைய உடல் கோவில் என்று கேட்பதில்லை. நம் உண்டியலை யாராவது உடைத்தால் என்ன செய்வோம்? விடியும் முன்னே பேரவைச் செயலர் டூ டவுன் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். 'ஆயரைக் கேட்டுவிட்டுப் புகார் கொடுப்போம்' என்று யாரும் சொல்லமாட்டீர்கள். நற்கருணைப் பேழையை உடைத்தால் ஊரே திரளும். பவுல் சொல்கிற கோவிலை உடைத்தால் மட்டும் 'உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்' என்கிறோம்.

திருச்சபைச் சட்டமே இதைப் புரிந்துகொள்ள நாள் பிடித்தது. 2021 வரைக்கும் பிள்ளையைக் கெடுத்த குருவின் குற்றம், குருக்கள் தங்கள் தனிக் கடமைகளை மீறும் குற்றங்களின் வரிசையில் இருந்தது. அதாவது அவர் தன் கற்பு வாக்கை மீறினார் என்பதே முதல் கணக்கு. அந்த ஆண்டு டிசம்பர் 8 முதல் அது மனித உயிர், மாண்பு, சுதந்திரம் இவற்றுக்கு எதிரான குற்றங்களின் வரிசைக்கு மாறியது. ஏட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாறியதுபோலத் தெரியும். ஆனால் அப்போதுதான் கணக்கில் பிள்ளை வந்தது. அதே திருத்தத்தில், திருச்சபைச் சட்டப்படி தெரிவிக்கக் கடமைப்பட்டவர் தெரிவிக்காமல் இருப்பதே ஒரு குற்றம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2019இல், திருத்தந்தை பிரான்சிஸ் குருக்களும் துறவியரும் இப்படி ஏதாவது தெரியவந்தால் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று ஆணையிட்டார்; மூடிமறைக்கும் ஆயரும் விசாரணைக்கு உட்பட்டவர்; சொன்னவரை வாய்மூடச் சொல்லக் கூடாது. இந்த ஆணை நாட்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்ததல்ல என்றும் அதிலேயே இருக்கிறது.

நாட்டின் சட்டம் இன்னும் வெளிப்படை. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தால், நடக்கலாம் என்று அச்சம் இருந்தாலும்கூட, யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லவேண்டும். 'யாராக இருந்தாலும்' என்பதில் உபதேசியாரும் உண்டு, சிஸ்டரும் உண்டு, விடுதிச் சமையல்கார அக்காவும் உண்டு, நானும் உண்டு. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலைபார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. மத நிறுவனத்தில் இருப்பவர் அங்கே உள்ள பிள்ளையிடம் இதைச் செய்தால் அது கூடுதல் கடுமையான குற்றம். மகாராஷ்டிரத்தில் ராஜுராவில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதி. பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், அவர்களுக்கு நடந்த பாலியல் கொடுமை தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று வழக்கு. உயர்நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. 2022 நவம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து, தெரிந்தும் சொல்லாதது கடுமையான குற்றம் என்றது.

ஆக, 'ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன், என் கடமை முடிஞ்சுது' என்று நினைக்காதீர்கள். முடியவில்லை. என்னிடம் சொல்லுங்கள், கேட்கிறேன், கூட வருகிறேன். கடப்பை ஆயர் இல்லத்துக்கும் எழுதுங்கள். ஆனால் முதலில் ஸ்டேஷன். புகார் என்னைப் பற்றியதாக இருந்தால் என்னிடம் வரவே வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாம் ஆந்திரப் பக்கம் நின்றோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பயந்துபோன பிள்ளைக்கு ஸ்டேஷனில் தெலுங்கு நாக்கில் வராது. 'அது அது' என்று இழுத்தால் பொய் சொல்கிறது என்று நினைப்பார்கள். சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. பிள்ளைக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போகத் தேவையில்லை. வீட்டிலேயே, கூடுமானவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வந்து கேட்கவேண்டும். பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது. வேளாங்கண்ணி யாத்திரை பஸ்ஸிலோ வேலூர்ப் பக்கம் போன முகாமிலோ நடந்திருந்தாலும் 'எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் எழுதிக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்கும் 1098 எடுப்பார்கள்.

ஆனாலும் நீங்கள் சொல்லமாட்டீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். 'சாமியார் மேல கை நீட்டினா சாபம்' என்று பாட்டிமார் சொல்வது ஒன்று. அதைவிட ஆழமாக இன்னொரு பயம் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்வதில்லை. திருமலைக்குப் பக்கத்தில், இவ்வளவு பெரிய ஜனத்திரளுக்கு நடுவே, நாம் ஒரு கைப்பிடி. இது வெளியே போனால் நாளைக்கு நம் பள்ளிக்கூடத்தை, விடுதியை, ஏன், நம்மையே என்ன சொல்வார்கள்? இந்தப் பயம் கற்பனை என்று சொல்லமாட்டேன். எனக்கும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். சமூகத்தின் மானத்தைக் காக்கும் பாரத்தை யார் தலையில் வைக்கிறோம்? நம்மிலேயே சின்னவர் தலையில். தாவீது அரசரின் மகள் தாமாரை அவள் அண்ணன்களில் ஒருவன் கெடுத்தபோது, இன்னொரு அண்ணன் அப்சலோம் அவளிடம் சொன்னதும் இதையேதான்: அவன் உன் சகோதரன், பேசாமல் இரு. அவள் அப்சலோமின் வீட்டிலேயே பாழாய்க் கிடந்தாள். தாவீது அரசர் கோபப்பட்டார். கோபப்பட்டதோடு சரி.

திருமலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை கைநழுவிப்போனால் என்ன நடக்கும்? யாருடைய பிள்ளை, என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போலீஸ்காரரிடம் ஓடுவார். மைக்கில் சொல்வார்கள். பிள்ளையைத் தவறவிட்ட குடும்பத்தின் மானம் போகும் என்று மைக்கை யாரும் அணைப்பதில்லை.

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதன் இரகசிய முத்திரையை எந்தக் குருவும் உடைக்க முடியாது, நானும் உடைக்கமாட்டேன். ஆனால் அது பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் பாவத்தைச் சொல்பவருக்கானது. சக்ரீஸ்தில், வராந்தாவில், போனில், டீக்கடையில் எனக்குத் தெரியவந்தது எதற்கும் அந்த முத்திரை இல்லை. ஒரு பிள்ளை அந்தப் பெட்டிக்கு வந்து தனக்கு நடந்ததைச் சொன்னால், 'இது உன் பாவம் இல்லை கண்ணு. வெளியே வந்து இன்னொரு தரம் சொல்லு, நான் கூட இருக்கேன்' என்று சொல்வது என் கடமை. 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று எந்தக் குருவாவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால், அந்த ஒரு வார்த்தை போதும் நீங்கள் எழுந்து நிற்க.

பொய்ப் புகார் வந்தால்? வரலாம். வேண்டுமென்றே பொய் சொல்லும் பெரியவருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குப் பாதுகாப்பு உண்டு. தானியேல் நூலில் சூசன்னாவின் கதை நினைவிருக்கிறதா? குற்றமற்ற பெண்ணைக் காப்பாற்றியது எது? விஷயத்தை அமுக்கியதா? அந்த இரண்டு முதியவர்களையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று ஒரு இளைஞன் கேட்டதால்தான் அவள் பிழைத்தாள். குற்றமற்ற குருவுக்கும் ஒழுங்கான விசாரணைதான் துணை. அதுவரை அவர் பணியிலிருந்து விலகி நிற்பது தீர்ப்பு ஆகாது.

நற்செய்தியில் இரண்டு சீடர்கள் இயேசுவிடம் அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டார்கள். அவர் ஒளித்துவைக்கவில்லை, வந்து பார்க்கும்படி கூட்டிக்கொண்டு போனார். மாலை நாலு மணி, நல்ல வெளிச்சம். நம் கோவிலிலும் அந்த வெளிச்சம் வேண்டும். பீடச்சிறார் உடைமாற்றும் அறைக்கு இந்த வாரம் கண்ணாடி வைத்த கதவு போட்டிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பாடகர் குழுப் பயிற்சிக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் இனி நடக்காது. இன்னொன்று, அம்மாமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: சாமி வீட்டுக்குப் பிள்ளை கையில் சாப்பாடு கொடுத்தனுப்பும் பழக்கம் இன்றோடு போகட்டும். நாளைக்குப் பொங்கலும் கரும்பும் கொடுக்க ஆசையென்றால் நீங்களே கொண்டு வாருங்கள், முற்றத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடலாம். என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட்டதற்கு விலை கொடுத்தது பிள்ளைகள்தான்.

ஏலிக்கு ஒரு மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். விடிந்ததும் சாமுவேல் வழக்கம்போல ஆண்டவர் இல்லத்தின் கதவுகளைத் திறந்தான். வாயைத் திறக்கப் பயந்தான். சொல்லவேண்டியது தன்னை வளர்த்த குருவைப் பற்றியது. சோறு போடுகிறவரைப் பற்றியது. அந்தக் கிழவர் பையனைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று வற்புறுத்திக் கேட்டார். தன் தலைக்கு வரும் சேதி என்று தெரிந்தும் கேட்டார். பிந்திவிட்டதுதான். ஆனால் அவன் சொன்னபோது, இவன் சின்னப் பையன், கனவு கண்டிருப்பான் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது வாசகம் வாசித்த அக்காவைத் திரும்ப மேலே வரச் சொல்கிறேன். அக்கா, அதே 3ஆம் அதிகாரம், 11 முதல் 18 வரை, நிதானமாக. பீடச்சிறார்கள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து கேளுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் உள்ளே வாருங்கள், அங்கே மைக் சரியாகக் கேட்காது.